தக்ளியில் நூற்கலாம்... கணக்குத் தெரிந்து நூற்கலாம்!

'எங்களுக்குக் கரிசல் நிலம் இரண்டு ஏக்கர். மானாவாரியில் கருங்கண்ணி பருத்தி போட்டோம். வியாபாரி வந்து பார்த்துவிட்டு, பஞ்சு நீளம் போதாது என்று விலையைக் குறைத்துக் கேட்டார். இரண்டு மூட்டை விற்காமல் வீட்டிலேயே இருக்கிறது. இந்த நேரத்தில் ஊருக்கு வந்த ஒருவர், 6,500 ரூபாய் கட்டினால் பத்து தக்ளியும் மூன்று நாள் பயிற்சியும் தருவதாகவும், நூற்ற நூலை அவரே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார். எங்கள் மகளிர் குழுவில் நான்கு பேர் பணம் கட்டத் தயாராக இருக்கிறோம். கட்டலாமா? தக்ளியில் உண்மையிலேயே நூற்க முடியுமா?'

தூத்துக்குடி மாவட்ட வாசகி ஒருவர் அனுப்பிய கடிதம் இது. இதே கேள்வியை இன்னும் சிலரும் கேட்டிருந்ததால், கேள்வி-பதில் பகுதியில் இரண்டு வரியில் முடிக்காமல் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் சுருக்கமான பதில். தக்ளியில் நூற்க முடியும், நன்றாகவே முடியும். பத்து நாள் பழகினால் கை வந்துவிடும். ஆனால், அதை நம்பி 6,500 ரூபாய் கட்ட வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அதற்கு முன் தக்ளியைத் தெரிந்துகொள்வோம்.

ஊன்றிச் சுழலும் கதிர்

தக்ளி என்பது ஒரு மெல்லிய இரும்புக் கம்பி, அதன் அடிப்பகுதியில் ஒரு பித்தளை வட்டு, மேல் நுனியில் ஒரு சின்னக் கொக்கி. அவ்வளவுதான். 1920-களில் கதர் இயக்கம் பரவியபோது, ராட்டை வாங்க வசதியில்லாதவர்களும் பயணத்தில் இருப்பவர்களும் நூற்கட்டும் என்று காந்தியடிகள் தக்ளியை வலியுறுத்தினார். 1937-ல் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டம் உருவானபோது பள்ளிக்கூடத்துக்குள்ளும் தக்ளி வந்தது. இன்று 75, 80 வயதைத் தாண்டிய பலர், பள்ளியில் நூற்பு வகுப்பு இருந்ததைச் சொல்வார்கள்.

கதிர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நூலிலேயே தொங்கியபடி சுழல்வது. இன்னொன்று, அடி நுனியைக் கிண்ணத்திலோ தட்டிலோ ஊன்றிச் சுழற்றுவது. தக்ளி இரண்டாவது வகை. தொங்கும் கதிரின் எடை முழுவதையும் நூல் தாங்க வேண்டும். ஆட்டு ரோமம் போன்ற நீள இழைகளுக்கு அது சரி. பருத்தி இழையோ ஓர் அங்குலம்தான். கருங்கண்ணி அதைவிடவும் குறைவு, சுமார் 22 முதல் 25 மில்லிமீட்டர். முறுக்கு ஏறி முடிப்பதற்குள் எடை இழுத்தால், இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவிவிடும். ஊன்றிய கதிரின் எடையைக் கிண்ணம் தாங்கிக்கொள்வதால், எவ்வளவு மெல்லிய நூலும் அறாமல் வரும். டாக்கா மஸ்லினுக்கான நூலைக்கூட, களிமண்ணில் பதித்த சிப்பித் துண்டில் ஊசி போன்ற கதிரை ஊன்றித்தான் நூற்றார்கள்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

தக்ளி வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

1. நேராக இருக்கிறதா? சமதளக் கண்ணாடி மேல் கம்பியை வைத்து, வட்டு விளிம்புக்கு வெளியே தொங்கும்படி உருட்டிப் பாருங்கள். குதித்தால் கம்பி வளைந்திருக்கிறது.

2. ஆடாமல் சுழல்கிறதா? ஒரு பீங்கான் சாசரில் ஊன்றி, விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு மேலே லேசாகப் பிடியுங்கள். கை அதிராமல் சுழல வேண்டும். கை நடுங்குவதுபோல இருந்தால் வட்டின் துளை நடுவில் இல்லை என்று பொருள். வேறு தக்ளியைக் கேளுங்கள்.

3. கொக்கி நடுவில் இருக்கிறதா? கொக்கியின் வளைவு, கம்பியின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தள்ளியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நூலை வெட்டி இழுக்கும். கொக்கியின் உட்புறம் பிசிறில்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும்.

4. கம்பியின் கனம். 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். மெல்லிய கம்பியை ஒருமுறை சுண்டினால் அதிகச் சுற்றுகள் சுற்றும். தடித்த மரக்கம்பி அதே சுண்டலுக்குக் குறைவாகத்தான் சுற்றும். குட்டை இழைப் பருத்திக்கு நிறைய முறுக்கு வேண்டும் என்பதால், மெல்லிய கம்பிதான் நல்லது.

5. எடையும் அளவும். நீளம் ஏழு அங்குலம், வட்டு ஓர் அங்குல அகலம், மொத்த எடை 15 முதல் 25 கிராம் இருந்தால் புதியவர்களுக்கு வசதி. அடி நுனி கூர்மையாக இருக்கலாம். ஊசிபோல் இருந்தால் தட்டைக் குடையும்.

ஊன்றுவதற்குச் சாசர், சின்னப் பீங்கான் கிண்ணம், வழவழப்பாகத் தேய்த்த சிரட்டை எதுவும் போதும். குழிவாக இருந்தால் கதிர் நடுவிலேயே நிற்கும்.

வீட்டிலேயே செய்துகொள்ளலாம்

சைக்கிள் கடையில் ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பி வாங்குங்கள். ஏழு அங்குலத்துக்கு வெட்டி, ஒரு நுனியைக் குறடால் சின்னக் கொக்கியாக வளையுங்கள். மறு நுனியை அரத்தால் ராவிக் கூராக்குங்கள். கூர் நுனியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, ஓர் அங்குல இரும்பு வாஷரைக் கோத்து, துளையில் இருக்கும் இடைவெளியை எம்-சீல் வைத்து அடையுங்கள். அது இறுகுவதற்குள் கம்பியைச் சுழற்றிப் பார்த்து, வாஷர் ஆடாதபடி சரிசெய்துவிட வேண்டும். இந்த வேலையில் கஷ்டமான இடம் இது ஒன்றுதான்.

பஞ்சு பாதி வேலை

எட்டயபுரம் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பார்த்தோம். எண்பது வயதைத் தாண்டியவர். சிறுவயதில் பள்ளியில் பழகிய தக்ளியை இன்னும் விடவில்லை. நாம் சுற்ற ஆரம்பித்த நிமிடத்திலேயே நூல் மூன்று முறை அறுந்தது. "தக்ளி சரியில்லையோ ஐயா?" என்றோம். சிரித்தார்.

"நூலு அறுந்தா கதிரைத் திட்டாதீங்க தம்பி. பஞ்சைப் பாருங்க. பஞ்சு சரியா இருந்தா விளக்குமாத்துக் குச்சியிலகூட நூக்கலாம்" என்றார்.

அவர் செய்து காட்டிய முறை இது.

பருத்தியை ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, இலைத்துகள், கறைபட்ட சுளைகளை நீக்கிவிட வேண்டும். மரப்பலகை மேல் ஒரு சுளையை வைத்து, விரல் கனமுள்ள இரும்புக் கம்பியை அழுத்தி முன்னோக்கி உருட்டினால் கொட்டை முன்னால் பிதுங்கி வெளியே வந்துவிடும். கம்பிக்குப் பின்னால் பஞ்சு நிற்கும். மூன்று பங்கு பருத்திக்கு ஏறக்குறைய ஒரு பங்கு பஞ்சு கிடைக்கும். மீதி கொட்டை, மாட்டுக்கு.

அடுத்து, பஞ்சை வில்லால் அடிக்க வேண்டும். மூன்றடி மூங்கில் வில்லில் தூண்டில் நரம்பைக் கட்டி, பஞ்சின் மேல் நரம்பு படும்படி சுண்டிக்கொண்டே இருந்தால், கட்டியெல்லாம் பிரிந்து நுரைபோல் ஆகும். அந்த நுரையை ஒரு கைப்பிடி எடுத்து, பலகையில் மெல்லிதாகப் பரப்பி, பென்சில் கனமுள்ள குச்சியில் சுற்றி, உள்ளங்கையால் லேசாக உருட்டி, குச்சியை உருவிவிட்டால் ஒரு சாண் நீளப் பஞ்சுத் திரி தயார். இறுக்கி உருட்டக் கூடாது. ஊதினால் அசைய வேண்டும்.

மருந்துக்கடைப் பஞ்சு இதற்கு ஆகாது. வெளுத்து, மெழுகு நீக்கிய பஞ்சு அது. இழுக்கும்போது கட்டியாகவே வரும். பழைய மெத்தைப் பஞ்சும் ஆகாது, இழை ஒடிந்திருக்கும்.

நூற்கும் முறை

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாசரை வலது முழங்காலுக்குப் பக்கத்தில் வையுங்கள். இடதுகைக்காரர்கள் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

வட்டுக்கு மேலே கம்பியில் ஒரு முழம் தையல் நூலைக் கட்டி, கம்பியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி மேலே கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டுங்கள். அந்த நூலின் மறுமுனையைப் பஞ்சுத் திரியின் நுனியோடு இரண்டு அங்குலம் சேர்த்துப் பிடித்து, தக்ளியை வலஞ்சுழியாகச் சுண்டிவிடுங்கள். முறுக்கு ஏறி, நூலும் பஞ்சும் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது வலது கை சுண்ட, இடது கை திரியைப் பிடித்து மெதுவாகப் பின்னால் போக வேண்டும். திரியை நசுக்கக் கூடாது. கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தால் போதும். முறுக்கு ஓடிவரும் இடத்தில் பஞ்சு தானே நூலாக மாறும். கையை இழுக்கும் வேகமும் முறுக்கு ஏறும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். இழுப்பு அதிகமானால் நூல் நழுவும். முறுக்கு அதிகமானால் திரி பூட்டிக்கொள்ளும்.

நூலில் அங்கங்கே தடிப்பு வந்தால் கவலை வேண்டாம். முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தில்தான் முதலில் ஏறும். தடித்த இடம் தளர்வாக இருக்கும். அரைகுறை முறுக்கு நிலையில் நூலை இன்னும் கொஞ்சம் இழுத்தால் தடிப்பு தானே கரையும். இந்த ஓர் இழுப்புதான் நூல் சீராக வருவதற்கான ரகசியம்.

கை எட்டும் வரை நூல் வந்ததும், இழுப்பதை நிறுத்திவிட்டு, இன்னும் இரண்டு மூன்று முறை சுண்டி முறுக்கேற்றுங்கள். பிறகு கொக்கியிலிருந்து நூலைக் கழற்றி, வட்டுக்கு மேலே கம்பியில் கூம்பு வடிவில் சுற்றுங்கள். நாலு விரல் நீளம் மிச்சம் விட்டு, மறுபடி கொக்கியில் மாட்டித் தொடருங்கள்.

அறுந்தால் முடிச்சுப் போடாதீர்கள். அறுந்த முனையின் முறுக்கைப் பிரித்து, விசிறிபோல் விரித்த பஞ்சின் மேல் வைத்துச் சுண்டினால் ஒட்டிக்கொள்ளும். காலை நேரத்தில் நூற்றால் அறுவது குறையும். காற்றில் ஈரம் இருந்தால் பருத்தி இழைக்கு வலு கூடும். மின்விசிறிக்கு அடியில் உட்காராதீர்கள்.

கம்பி நிறைந்ததும் நூலை ஓர் அட்டையிலோ சட்டத்திலோ சுற்றி, சிட்டமாக எடுத்து, நாலு இடத்தில் கட்டி, சிறிது சலவைச் சோடா கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள். முறுக்கு நிலைக்கும், பிறகு நூல் சுருண்டு கோணாது.

இனி கணக்குக்கு வருவோம்

நூலின் மென்மையை 'நம்பர்' என்று சொல்வார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளச் சிட்டங்கள் எத்தனை இருக்கின்றனவோ, அதுதான் நம்பர். வீட்டில் இப்படிக் கண்டுபிடிக்கலாம்: 100 மீட்டர் நூலை நகைத் தராசில் நிறுத்து, 59-ஐ அந்த எடையால் வகுங்கள். 100 மீட்டர் 3 கிராம் இருந்தால் சுமார் 20-ம் நம்பர். 6 கிராம் இருந்தால் 10-ம் நம்பர். புதிதாகப் பழகுபவர்களின் நூல் பெரும்பாலும் தடிப்பாகத்தான் இருக்கும்.

ஒரு இழுப்புக்கு 60 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு இரண்டு இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். சுற்றுவது, ஒட்டுவது எல்லாம் சேர்த்தால், பழகிய கைக்குச் சாதாரணமாக வரக்கூடிய வேகம் இது. ஒரு மணி நேரத்துக்கு 72 மீட்டர். நாளுக்கு எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் நூற்றாலும் 576 மீட்டர். 20-ம் நம்பர் நூலில் ஒரு கிராமுக்கு 34 மீட்டர். ஆக, ஒரு நாள் முழுக்க உழைத்தால் கிடைப்பது 17 கிராம்.

ஒரு கிலோ நூலுக்கு ஏறக்குறைய 59 நாட்கள். கிலோவுக்கு ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்று ஒருவர் சொன்னாலும், ஒரு நாள் கூலி 17 ரூபாய். உங்கள் கை இரண்டு மடங்கு வேகம் என்றே வைத்துக்கொண்டாலும் 34 ரூபாய்தான். கதர் நூற்பு நிலையங்களில் எட்டுக் கதிர் கொண்ட ராட்டைகளைப் பயன்படுத்துவது இதனால்தான்.

எனவே, சகோதரி, அந்த 6,500 ரூபாயைக் கட்ட வேண்டாம். உங்கள் குழுவில் இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வந்தவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: என்ன நம்பர் நூல் வேண்டும்? கிலோவுக்கு என்ன விலை? தரம் இல்லை என்று யார், எப்படி முடிவு செய்வார்கள்? நூலை வாங்க மறுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் தருவாரா? 'திரும்ப வாங்கிக்கொள்வோம்' என்ற திட்டங்கள் பலவற்றில், பணம் கட்டிய பிறகு 'தரம் சரியில்லை' என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம்.

பிறகு எதற்குத் தக்ளி?

கூலிக்கு ஆகாது. ஆனால், பருத்தி விவசாயிக்கு வேறு இரண்டு வகையில் பயன்படும்.

முதலாவது, வீட்டுத் தேவை. ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலத்தில் ஒரு துண்டு நெய்ய, 20-ம் நம்பர் நூல் ஏறக்குறைய 4,000 மீட்டர் பிடிக்கும். தினம் ஒரு மணி நேரம் நூற்றால் இரண்டு மாதம் ஆகும். பருத்திக் கணக்கில் 400 கிராம் போதும். புதியவர் நூற்ற நூலைப் பாவுக்குப் போட்டால் அறும். பாவுக்கு ஆலை நூலும், ஊடைக்கு உங்கள் நூலும் என்று கைத்தறி நெசவாளரிடம் பேசிப் பாருங்கள். விளக்குத்திரி, அரைஞாண் கயிறு, பின்னல் வேலைக்கான இரட்டை முறுக்கு நூல் ஆகியவற்றுக்கு முதல் வாரத்து நூலே போதும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். தக்ளி உங்கள் பருத்தியைப் பற்றி உங்களுக்கே சொல்லும். நூலில் குண்டூசித் தலை போன்ற முடிச்சுகள் நிறைய வந்தால், முற்றாத காய்ப் பருத்தி கலந்திருக்கிறது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால், அசுவினி அல்லது வெள்ளை ஈ சுரந்த தேன் பஞ்சில் இருக்கிறது. கறுப்புத் துகள் உதிர்ந்தால், எடுக்கும்போது காய்ந்த இலை சேர்ந்திருக்கிறது. கலர் கலராகப் பளபளக்கும் இழை தட்டுப்பட்டால், அது பிளாஸ்டிக் சாக்கின் நார். ஆலைக்காரர்களுக்குப் பெரிய தலைவலி அது.

நீளத்தையும் பார்க்கலாம். ஒரு சிட்டிகைப் பஞ்சை இரு கைகளாலும் இழுத்துப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, திரும்பத் திரும்ப இழுத்தால் இழைகள் இணையாக நிற்கும். கறுப்புத் துணி மேல் வைத்து அடிக்கோலால் அளந்துவிடலாம். வியாபாரி கையால் செய்து பார்ப்பதும் இதைத்தான். கருங்கண்ணி குட்டை இழை ரகம்தான். 1974-ல் கோயம்புத்தூரில் வெளியிடப்பட்ட சுவின் போன்ற மிக நீள இழை ரகத்தோடு அதை ஒப்பிட்டு விலை குறைப்பது சரியல்ல. 'கருங்கண்ணிக்கு உரிய நீளம் இருக்கிறது, முடிச்சு இல்லை, பிசுக்கு இல்லை' என்று அளந்து பார்த்துச் சொல்ல முடிந்தால், பேரத்தில் உங்கள் குரல் கொஞ்சம் உயரும்.

உங்கள் இரண்டு மூட்டையையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஏலத்தில் என்ன விலை வருகிறது என்று பாருங்கள். அடுத்த பருவத்தில் பனி உலர்ந்த பிறகு, முழுக்க வெடித்த காயிலிருந்து மட்டும் எடுத்து, கறைப் பருத்தியைத் தனியாகப் பிரித்து, துணிப் பையில் கட்டுங்கள்.

இந்த மூட்டையிலிருந்து ஒரு படி பருத்தியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் கம்பியில் ஒரு தக்ளி செய்து, வேலை முடிந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து நூற்றுப் பாருங்கள். விதைத்ததும் எடுத்ததும் நீங்கள்தான். அது எப்படி நூலாகிறது என்பதும் உங்கள் கைக்குத் தெரிந்திருக்கட்டும்.

தக்ளி பற்றி வாசகர்கள் கேட்ட மற்ற கேள்விகள்

இலவம் பஞ்சை நூற்கலாமா?
தனியாக நூற்க வராது. பருத்தி இழையில் இயற்கையாகவே திருகல் உண்டு; ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இலவம் இழை வழுக்கும், ஒடியும். தலையணைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் செம்மறி ஆடுகள் இருக்கின்றன. ரோமத்தைத் தக்ளியில் நூற்கலாமா?
தக்ளி ரோமத்துக்குச் சின்னது; சீக்கிரம் நிறைந்துவிடும். ஓரடி நீள மரக் கதிரைக் கிண்ணத்தில் ஊன்றி நூற்பது நல்லது. ரஷ்யாவின் ஓரன்பர்க் பகுதியில் மெல்லிய வெள்ளாட்டு ரோமத்தை அப்படித்தான் நூற்கிறார்கள். நம்மிடம் மெல்லிய ரோமத்துக்கு நீலகிரி இன ஆடு பெயர்பெற்றது. சமவெளி ஆடுகளின் ரோமம் முரடு, கம்பளிக்குத்தான் ஏற்றது.

குழந்தைகளுக்குச் சொல்லித் தரலாமா?
எட்டு வயதுக்கு மேல் தாராளமாக. கூர் நுனியை அரத்தால் கொஞ்சம் மழுக்கிக் கொடுங்கள். முதல் இரண்டு நாட்கள் பஞ்சு கொடுக்காமல், தக்ளியை ஆடாமல் சுழற்ற மட்டும் விடுங்கள். பம்பரம் விடத் தெரிந்த பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.